காசும் பேரும் இருந்தா ஜூரி விட்டுடுமா? ஃப்ரீமான்ட் சகோதரிக்கு ஒரு பதில்

ஃப்ரீமான்ட்ல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. போன வருஷம்தான் சிட்டிசன்ஷிப் வாங்கினாங்களாம், இப்போ கவுன்ட்டி கோர்ட்ல இருந்து முதல் முறையா ஜூரி சம்மன் வந்திருக்கு, அதாவது கேஸைக் கேட்டுத் தீர்ப்பு சொல்ற 12 பொதுமக்கள்ல ஒருத்தரா உக்கார வரச் சொல்ற கடிதம். காலேஜ் படிக்கிற பையன் அந்தக் கவரைப் பாத்துட்டு, "அம்மா, இந்த நாட்டுல காசும் பேரும் இருக்கறவன் என்ன பண்ணாலும் ஜூரி விட்டுடும், ஓ.ஜே. சிம்ப்சன் கேஸைப் பாரு, இதுக்குப் போய் ஏன் லீவு போடறே, இங்கிலீஷ் தெரியாதுன்னு டிக் பண்ணி அனுப்பிடு"ன்னு சொல்றானாம். அவன் சொல்றது நிஜமான்னு கேக்கறாங்க. நாளைக்கே பேர் தெரிஞ்ச ஒருத்தரோட கேஸ்ல என்னை உக்கார வெச்சா என்னால நடுநிலையா இருக்க முடியுமா, பயமா இருக்கே, போகாம இருந்துடலாமான்னும் கேக்கறாங்க.

வணக்கம் சகோதரி. நான் கலிஃபோர்னியாவுல 14 வருஷம் பப்ளிக் டிஃபெண்டரா இருந்தவ, அதாவது வக்கீல் வெச்சுக்க வசதியில்லாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற வக்கீல். அதனால இந்தக் கேள்வி எனக்கு வெறும் பேச்சு இல்ல, ராத்திரி தூக்கம் வராம யோசிச்ச விஷயம், பதில் கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்குங்க.

பையன் சொல்றதுல பாதி சரி. காசு இந்த நாட்டு கிரிமினல் கேஸ்ல ரொம்பப் பெரிய வேலை பண்ணுது, அதை மறைக்கறதுல அர்த்தமில்ல. ஆனா அவன் அதை ஜூரி ரூமுக்குள்ள தேடறான், காசு வேலையை முடிக்கறது பெரும்பாலும் ஜூரி வந்து உக்கார்றதுக்கு ரொம்ப முன்னாடி. பேரோட கதையே வேற, பேர் சில சமயம் காப்பாத்துது, சில சமயம் அதுவே கழுத்தைப் பிடிக்குது.

முதல்ல சிம்ப்சன் கேஸையே எடுத்துக்குவோம், ஏன்னா எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அவர் அமெரிக்கன் ஃபுட்பால்ல பெரிய ஸ்டாரா இருந்தவர். 1994 ஜூன் 12 ராத்திரி லாஸ் ஏஞ்சலஸ் பிரென்ட்வுட்ல அவரோட முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுனும் அவங்க நண்பர் ரான் கோல்ட்மேனும் கொலையானாங்க, சிம்ப்சன் மேல கேஸ். 1995 அக்டோபர் 3 வெர்டிக்ட், நிரபராதி. எட்டு மாசத்துக்கு மேல நடந்த ட்ரையல், ஜூரி பேசி முடிச்சது நாலு மணி நேரத்துக்கும் கம்மி. டிவியில பாத்தவங்களுக்கு "அவ்ளோதானா, காசு ஜெயிச்சுடுச்சு"ன்னுதான் தோணும்.

அந்தக் காசு அங்க என்ன வாங்கிச்சுன்னு கிட்டப் போய்ப் பாருங்க. சிம்ப்சன்கிட்ட இருந்து எடுத்த ரத்த சாம்பிளை ஒரு டிடெக்டிவ் உடனே எவிடென்ஸ் ரூம்ல ஒப்படைக்காம, கையில வெச்சுக்கிட்டு சிம்ப்சன் வீடு வரைக்கும் கொண்டு போனார். பாரி ஷெக்னு ஒரு வக்கீல், டிஎன்ஏ விஷயத்துல கரைகண்டவர், சம்பவ இடத்துல ரத்தம் சேகரிச்ச டெக்னிஷியனைக் கூண்டுல நிக்க வெச்சு நாள் கணக்கா கேள்வி கேட்டார், கையுறையை எப்போ மாத்தினீங்க, இந்தத் துளியை யார் எடுத்தா, அதை எதுல போட்டு எங்க வெச்சீங்கன்னு ஒண்ணொண்ணா. ஒரு டிடெக்டிவ், மார்க் ஃபர்மன், கறுப்பினத்தவரை இழிவு பண்ற அந்த வார்த்தையைப் பத்து வருஷமா சொன்னதே இல்லைன்னு கோர்ட்ல சத்தியம் பண்ணினார், அப்புறம் அவர் குரல்லயே அந்த வார்த்தை வர்ற டேப்பை சிம்ப்சன் தரப்பு வக்கீல்கள் தேடிப் பிடிச்சுக் கொண்டு வந்தாங்க. ஜூரியைத் தேர்ந்தெடுக்க உதவி பண்றதுக்குன்னே தனியா ஒரு கன்சல்டன்ட் இருந்தாங்க.

இதெல்லாம் காசு இருந்தா நடக்கும், இல்லாட்டி நடக்கறது ரொம்ப அபூர்வம். ஆனா இதுல எந்த இடத்துல ஜூரி விலை போச்சு? போலீஸ் ரத்த சாம்பிளை ஒழுங்கா கையாண்டாங்களான்னு கேக்கறது, சாட்சி சொல்றவர் பொய் சொல்றாரான்னு தோண்டறது, இதெல்லாம் எல்லாக் கேஸ்லயும் நடக்க வேண்டியதுதானே. சிம்ப்சனுக்குக் கிடைச்ச விசாரணை அளவுக்கு மிஞ்சினதுன்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல, என் க்ளையன்ட்ஸ்க்குக் கிடைச்சது அளவுக்குக் குறைஞ்சதுன்னுதான் எனக்கு வலிக்கும்.

அந்த ஜூரியோட பின்னணியையும் பையன்கிட்ட சொல்லுங்க. 12 பேர்ல 9 பேர் கறுப்பினத்தவர். அதுக்கு மூணு வருஷம் முன்னாடிதான், 1992 ஏப்ரல்ல, ரோட்னி கிங்னு ஒரு கறுப்பினத்தவரை அடிச்ச போலீஸ்காரங்க பக்கத்துல சிமி வேலில நடந்த ட்ரையல்ல விடுதலையாகி வெளிய வந்து, லாஸ் ஏஞ்சலஸே பத்தி எரிஞ்சுது. அந்த ஊர் போலீஸை நம்பறதா வேண்டாமான்னு அந்த மக்கள் டிவி பாத்து முடிவு பண்ணல, அதுலயே வாழ்ந்தவங்க. அவங்க அந்த வெர்டிக்டைக் குடுத்தது பணத்துக்கா, பேருக்கா, போலீஸ் மேல இருந்த அவநம்பிக்கைக்கா, இல்ல நிஜமாவே எவிடென்ஸ்ல சந்தேகம் இருந்ததாலயா? இங்க ஜூரி காரணம் எழுதிக் குடுக்கறதில்ல, நம்ம ஊர் ஜட்ஜ் மாதிரி நூறு பக்கத் தீர்ப்பு கிடையாது, குற்றவாளி அல்லது குற்றவாளி இல்லை, அவ்ளோதான். அதனால ஒரே காரணத்தைச் சொல்லி முடிச்சுடறவங்களை நான் நம்பறதில்ல. அதே ஜூரிங்க 265 நாள் குடும்பத்தைப் பிரிஞ்சு ஹோட்டல்ல அடைஞ்சு கிடந்தாங்க, நடுவுல 10 பேரை மாத்தினாங்க, தினப்படி 5 டாலர். இதையும் யாரும் பேசறதில்ல.

அப்புறம் என்ன ஆச்சுன்னு பையனுக்குத் தெரியுமான்னு கேளுங்க. 1997ல சான்டா மோனிகால நடந்த சிவில் கேஸ்ல, அதே ஆளு, அதே பேரு, இன்னொரு ஜூரி அவர்தான் பொறுப்புன்னு சொல்லி மொத்தம் 33.5 மில்லியன் டாலர் கட்டச் சொல்லிச்சு. சிவில்ல "நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாம" நிரூபிக்கத் தேவையில்ல, எந்தப் பக்கம் தராசு சாயுதோ அது போதும், அதோட அவர் கூண்டுல ஏறிப் பதில் சொல்லியே ஆகணும், கிரிமினல்ல வாயைத் திறக்காம இருந்துட்டார். 2008ல லாஸ் வேகஸ்ல வேற ஒரு கொள்ளைக் கேஸ்ல இன்னொரு ஜூரி எல்லாக் குற்றச்சாட்டுலயும் குற்றவாளின்னுச்சு, அதுவும் சரியா அக்டோபர் 3, 13 வருஷம் கழிச்சு அதே தேதி. 9ல இருந்து 33 வருஷம் தண்டனை, 2017ல தான் வெளிய வந்தார். பேர் காப்பாத்தும்னா இந்த ரெண்டு தடவையும் காப்பாத்தியிருக்கணும். சொல்லப்போனா அந்த வேகஸ் கேஸ்ல பேரே அவருக்கு எதிரா நின்னுச்சுன்னு நெனைக்கற வக்கீல்கள் நிறைய பேர், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

பேர் எதிரா திரும்பறதுக்கு இன்னும் பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு, எங்களுக்கு லா ஸ்கூல்ல படிக்க வெச்சது, நான் மறக்கவே மாட்டேன். 1954ல ஓஹையோ மாநிலம் கிளீவ்லேண்ட் பக்கம் சாம் ஷெப்பர்ட்னு ஒரு வசதியான டாக்டர், மனைவியைக் கொன்னுட்டார்னு கேஸ். பத்திரிகைகள் தினமும் முதல் பக்கத்துல "இவனை ஏன் இன்னும் உள்ள போடல"ங்கற தொனியில எழுதினாங்க, ஜூரிக்குக் கூப்பிட்டவங்க பேர், அட்ரஸ் எல்லாம் பேப்பர்ல வந்துச்சு, அவங்க வீட்டுக்கு லெட்டரும் போனும் வந்துச்சு, கோர்ட் ஹாலுக்குள்ள நிருபர்கள் உக்கார இடம் போட்டது எவ்ளோ கிட்டன்னா அவர் தன் வக்கீல்கிட்ட ரகசியமாப் பேசக்கூட முடியல. குற்றவாளின்னு தீர்ப்பு. பத்து வருஷம் போல ஜெயில். 1966ல சுப்ரீம் கோர்ட், அந்த ட்ரையல் கோர்ட் மாதிரியே இல்ல, திருவிழாக் கூட்டம் மாதிரி நடந்துச்சுன்னு சொல்லித் தீர்ப்பைத் தூக்கிப் போட்டுச்சு, அதே வருஷம் மறு ட்ரையல்ல ஜூரி அவரை விடுதலை பண்ணிடுச்சு. இன்னைக்கு ஜூரிகிட்ட "நியூஸ் பாக்காதீங்க, கூகுள் பண்ணாதீங்க"ன்னு ஜட்ஜ் திரும்பத் திரும்பச் சொல்றாரே, அதுக்குப் பின்னாடி ஒரு மனுஷனோட பத்து வருஷம் இருக்கு.

மார்த்தா ஸ்டூவர்ட் கேஸும் அப்படித்தான். அமெரிக்காவுல அவங்க டிவி ஷோவையோ சமையல் சாமானையோ தெரியாத வீடு கிடையாது, கோடீஸ்வரி, 2004 மார்ச்ல ஒரு பங்கு விற்பனை விஷயமா விசாரணை அதிகாரிங்ககிட்ட பொய் சொன்னாங்கன்னு மன்ஹாட்டன் ஜூரி குற்றவாளின்னுச்சு, அஞ்சு மாசம் ஜெயில். வெளிய வந்த ஜூரர் ஒருத்தர், மார்க்கெட்ல பணத்தை விட்ட சின்ன ஆளுங்களுக்கு இது ஒரு வெற்றியா இருக்கலாம்னு சொன்னார். அதைப் படிச்சப்போ எனக்குத் திக்குன்னு ஆச்சு. வெர்டிக்ட் சரியா தப்பாங்கறது வேற விஷயம், ஆனா ஒரு ஜூரர் சின்ன ஆளுங்களுக்காகவும் தீர்ப்பு சொல்லக்கூடாது, பெரிய ஆளுங்களுக்காகவும் சொல்லக்கூடாது, முன்னாடி இருக்கற எவிடென்ஸை மட்டும்தான் பாக்கணும். உங்களுக்குப் பயம் வர வேண்டிய இடம் இதுதான் சகோதரி, பெரிய மனுஷனைப் பாத்து மயங்கிடுவோமோங்கறதை விட, "இவனுக்கெல்லாம் நல்லா வேணும்"னு மனசுக்குள்ள ஒரு குரல் வருமே, அது.

நம்ம தமிழ் வீடுகள்ல பேசின ஒரு கேஸும் இருக்கு. கொழும்புல பிறந்த தமிழர் ராஜ் ராஜரத்தினம், கேலியன்னு பெரிய ஹெட்ஜ் ஃபண்ட், அதாவது பணக்காரங்க பணத்தைப் பங்குகள்ல போட்டுப் பெருக்கற நிறுவனம், நடத்தின பில்லியனர். கம்பெனிகளோட உள்ரகசியத்தைத் தெரிஞ்சுக்கிட்டு பங்கு வாங்கி வித்தார்னு அவர் மேல கேஸ். நாட்டுலயே பேர் போன வக்கீல்களை வெச்சிருந்தார், காசுக்குக் குறைவே இல்ல. ஆனா அரசாங்கத்துக்கிட்ட அவர் போன்ல பேசினதோட ரெக்கார்டிங் இருந்துச்சு, கோர்ட்ல ஜூரி அவர் குரலையே கேட்டாங்க. 12 நாள் உக்காந்து பேசி, 2011 மே 11 அன்னைக்கு 14 குற்றச்சாட்டுலயும் குற்றவாளின்னு சொன்னாங்க, 11 வருஷ ஜெயில். அந்த 12 நாளை நான் மதிக்கிறேன். பில்லியனர்தானேன்னு விட்டுடவும் இல்ல, பில்லியனர்தானேன்னு ஒரே நாள்ல முடிச்சுடவும் இல்ல.

இப்போ காசு நிஜமா வேலை செய்யற இடத்துக்கு வரேன். இதுதான் நான் உங்க பையன்கிட்ட நேர்ல உக்காந்து சொல்லணும்னு ஆசைப்படறது.

ஃபெடரல் கோர்ட்ல தண்டனை பெறுறவங்கள்ல 97 சதவீதம், மாநில கோர்ட்ல 94 சதவீதம், ஜூரியைப் பாக்காமலே குற்றத்தை ஒத்துக்கிட்டவங்க. இது நான் சொல்ற கணக்கு இல்ல, 2012ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு தீர்ப்புல எழுதினது. ஆக தண்டனை பெறுறவங்கள்ல ட்ரையலைப் பாத்தவங்களே நூத்துல மூணுல இருந்து ஆறு பேருக்குள்ளதான். மிச்சப் பேர் பெரும்பாலும் பிளீ டீல், அதாவது அரசுத் தரப்பு வக்கீலோட பேசி, குற்றத்தை ஒத்துக்கிட்டு தண்டனையைக் குறைச்சுக்கற பேரம். அவங்க எல்லாரும் நிஜமாவே தப்பு பண்ணவங்களா? பெரும்பாலானவங்க பண்ணவங்கதான், ஆனா எல்லாரும் இல்ல.

எனக்கு ஒரு க்ளையன்ட், 20 வயசு, டயர் கடையில வேலை. ஒரு கடையில திருடினான்னு கேஸ், பெயில் 20,000 டாலர். பெயில் பாண்ட் போடறவருக்குப் பத்து சதவீதம், 2,000 டாலர் கட்டினாப் போதும், வெளிய வந்துடலாம், அந்தத் தொகை திரும்ப வராது. அவன் அம்மாகிட்ட 2,000 இல்ல. முதல் நாள்ல இருந்து "நான் அங்க போகவே இல்ல மேடம்"னு ஒரே பேச்சு. என் கையில அப்போ நூத்துக்கும் மேல கேஸ், எங்க இன்வெஸ்டிகேட்டர் அந்தக் கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கேமரா வீடியோ அழிஞ்சு போச்சு, அது மேலயே புதுசு ரெக்கார்ட் ஆயிடுச்சு. 43வது நாள் பிராசிக்யூட்டர், அதாவது அரசுத் தரப்பு வக்கீல், ஒரு ஆஃபர் குடுத்தார், நோ கான்டெஸ்ட்னு (குற்றச்சாட்டை எதிர்க்கலைன்னு) சொல்லு, இதுவரைக்கும் இருந்த நாளே தண்டனை, இன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். ட்ரையல் வேணும்னா இன்னும் ஒரு மாசமோ ரெண்டு மாசமோ உள்ளேயே.

அந்த பிளீ ஃபார்ம் எப்படி இருக்கும்னா, பக்கம் பக்கமா வரிசையா உரிமைகள் எழுதியிருக்கும், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சின்னக் கட்டம், அதுல நீங்க இனிஷியல் போட்டு விட்டுக் குடுக்கணும். "ஜூரி முன்னாடி விசாரிக்கப்படற உரிமை"ன்னு ஒரு வரி வரும். அவன் அந்தக் கட்டத்துல பேனாவை வெச்சுட்டு என்னைப் பாத்தான், "ஜூரி என்ன சொல்லியிருப்பாங்க மேடம்?"னு கேட்டான். வீடியோ இருந்திருந்தா என்னால ஒரு பதில் சொல்லியிருக்க முடியும். இனிஷியல் போட்டான், ராத்திரி வீட்டுக்குப் போனான், குற்றவாளிங்கற பதிவோட. ஒரு வாரம் முன்னாடி ஒரு ஆளை அந்தக் கடைக்கு அனுப்பியிருக்கலாமேன்னு நான் இன்னைக்கு வரைக்கும் நெனைச்சுக்கறேன்.

நியூயார்க்ல காலிஃப் பிரவுடர்னு ஒரு பையன் இனிஷியல் போட மாட்டேன்னு நின்னான். 2010ல கைதானப்போ வயசு 16, ஒரு பேக் பேக் திருடினான்னு புகார், பெயில் வெறும் 3,000 டாலர், வீட்டுல கட்ட முடியல. ரைக்கர்ஸ் ஜெயில்ல மூணு வருஷம், அதுல ரெண்டு வருஷம் போல தனிக் கொட்டடி. ஒத்துக்கோ போயிடலாம்னு சொன்னப்போ எல்லாம் பண்ணலைன்னே சொன்னான். 2013ல கேஸையே கைவிட்டுட்டாங்க. ஒரு ஜூரியும் அவனைப் பாக்கவே இல்ல. வெளிய வந்து ரெண்டு வருஷத்துல, 2015ல, தற்கொலை பண்ணிக்கிட்டான், 22 வயசு. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் 2018ல பாலியல் குற்றக் கேஸ்ல கைதானப்போ 10 லட்சம் டாலர் கட்டிட்டு அன்னைக்கே வெளிய போனார், ரெண்டு கேஸும் அதே நியூயார்க் சிட்டி.

ஜூரி தீர்ப்பு வந்த பிறகும் காசு நிக்கறதில்ல. டிவி நகைச்சுவை நடிகர் பில் காஸ்பியோட பாலியல் குற்றக் கேஸ்ல முதல் ஜூரி 2017ல ஒருமனதா முடிவுக்கு வர முடியாம மிஸ் ட்ரையல் ஆச்சு, அதாவது அந்த விசாரணை செல்லாம போச்சு, அந்த ஜூரியையே பிட்ஸ்பர்க் பக்கத்துல இருந்து, 300 மைல் தள்ளி, கூட்டிட்டு வந்தாங்க, உள்ளூர் செய்தியால பாதிப்பு இருக்கக்கூடாதுன்னு. 2018ல ரெண்டாவது ஜூரி குற்றவாளின்னுச்சு. அப்புறம் அப்பீல் மேல அப்பீல், 2021ல பென்சில்வேனியா சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிச்சு, பழைய பிராசிக்யூட்டர் ஒருத்தர் கேஸ் போட மாட்டேன்னு குடுத்த வாக்கை மீறிட்டாங்கன்னு. ஜூரி தப்பு பண்ணதா அந்தக் கோர்ட் சொல்லல. இவ்ளோ தூரம் ஏறிப் போக எத்தனை பேரால முடியும்?

இன்னொண்ணு, ஜூரியில யார் உக்கார்றாங்கங்கறதுலயும் காசு இருக்கு. நம்ம கலிஃபோர்னியாவுல ஜூரிக்கு ரெண்டாவது நாள்ல இருந்து பொதுவா ஒரு நாளைக்கு 15 டாலர்தான். ஆபீஸ் சம்பளம் குடுத்துடும்னா உங்களால மூணு வாரம் உக்கார முடியும். மணிக்கூலிக்கு வேலை பாக்கறவங்க வாடகை கட்ட முடியாதுன்னு ஜட்ஜ்கிட்ட கெஞ்சி வெளிய போவாங்க, அவங்க மேல தப்பே இல்ல. ஆனா என் டயர் கடைப் பையன் மாதிரி ஒருத்தன் அங்க உக்காந்து ஜூரி பெஞ்சைப் பாத்தா அவன் தெருவுல வாழ்ற ஆள் ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க.

அதனால உங்க கேள்விக்கு என் பதில், தயவுசெஞ்சு போங்க. இங்கிலீஷ் தெரியாதுன்னு டிக் பண்ணாதீங்க, அந்த ஃபார்ம்ல நீங்க போடற கையெழுத்து சத்தியத்துக்குச் சமம், அதோட உங்க லெட்டர்ல பாதி நல்ல இங்கிலீஷ்ல தான் இருந்துச்சு.

பேர் தெரிஞ்ச ஆள் கேஸா வந்தா என்ன பண்றதுன்னு கேட்டீங்க. முதல்ல, வர்றது பெரும்பாலும் பேரே தெரியாத ஒருத்தரோட கேஸாத்தான் இருக்கும். அப்படியே பிரபலமா இருந்தாலும், அவரைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கறது ஒரு குத்தமே இல்ல. 1961லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஜூரருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்கக் கூடாதுன்னு இல்ல, மனசுல இருக்கற அபிப்பிராயத்தை ஓரமா வெச்சுட்டு கோர்ட்ல வர்ற எவிடென்ஸை வெச்சு முடிவு பண்ண முடிஞ்சாப் போதும்னு. சிம்ப்சன் கேஸ்ல ஜூரிக்கு வந்தவங்ககிட்ட 294 கேள்வி இருக்கற ஒரு ஃபார்மைக் குடுத்தாங்க. 2024ல நியூயார்க்ல டொனால்ட் ட்ரம்ப் கேஸுக்குக் கூப்பிட்ட முதல் 96 பேர்ல பாதிக்கு மேல, எங்களால நடுநிலையா இருக்க முடியாதுன்னு கை தூக்கினாங்க, ஜட்ஜ் அவங்களை அனுப்பிட்டார். அவங்க கோழைங்க இல்ல, நேர்மையானவங்க. உங்களுக்கும் முடியாதுன்னு தோணினா கை தூக்குங்க, எல்லார் முன்னாடியும் சொல்லக் கூச்சமா இருந்தா தனியாப் பேசணும்னு ஜட்ஜ்கிட்ட கேக்கலாம், பெரும்பாலும் ஒத்துப்பாங்க.

உள்ள தேர்வாயிட்டா நான் என் மனசார ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். சிம்ப்சனோட வக்கீல் கேட்டாரே, அந்த ரத்தம் யார் கையில இருந்துச்சு, அந்த டிடெக்டிவ் சொல்றது உண்மையான்னு, அதே கேள்வியை உங்க முன்னாடி உக்காந்திருக்கற, கடன் வாங்கின கோட்டைப் போட்டுட்டு வந்திருக்கற அந்த ஆளோட கேஸ்லயும் உங்க மனசுக்குள்ள கேளுங்க, அவர் வக்கீல் கேக்க மறந்திருந்தாலும். வீடியோ ஏன் இல்ல, கைரேகை எடுத்தாங்களா இல்லையா, சாட்சி எவ்ளோ தூரத்துல நின்னார்? பதில் வரலைன்னா அது நியாயமான சந்தேகமா இருக்கலாம், அப்படி உங்களுக்குத் தோணினா மீதி 11 பேர் வீட்டுக்குப் போகணும்னு அவசரப்பட்டாலும் நீங்க அசையாதீங்க, கிரிமினல் கேஸ்ல 12 பேரும் ஒத்துக்கணும், உங்க ஒரு ஓட்டுக்கு அவ்ளோ பலம் இருக்கு.

மத்தது சின்ன விஷயங்கள். சம்மன்ல உங்க குரூப் நம்பர் இருக்கும், முந்தின நாள் சாயங்காலம் ஆன்லைன்லயோ போன்லயோ செக் பண்ணுங்க, நிறைய பேருக்கு வரவே வேண்டாம்னு வந்துடும். போனா ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க, காத்திருக்கற ஹால் ஏசி குளிர் தாங்காது, சாப்பாடும் ஒரு புக்கும் கையில இருக்கட்டும். முதல் நாள் எந்தக் கோர்ட் ரூமுக்கும் அனுப்பலைன்னா அன்னையோட உங்க கடமை முடிஞ்சுது. ஆபீஸ்ல முன்னாடியே எழுதிக் குடுத்துடுங்க, ஜூரிக்குப் போனதுக்காக வேலையை விட்டுத் தூக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு.

எல்லாம் முடிஞ்சப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, ஆசையாக் காத்திருப்பேன். ஆனா கேஸ் நடக்கும்போது எனக்கு ஒரு வரிகூட எழுதிடாதீங்க, பையன் ராத்திரி சாப்பாட்டுல உக்காந்து "என்னம்மா ஆச்சு, யார் கேஸ்"னு துருவினாலும் சொல்லாதீங்க, வெர்டிக்ட் வர்ற வரைக்கும் அது உங்க 12 பேரோட இருக்கட்டும்.